பழைய பாத்ரூமை இடித்துப் புதிதாக்குவது எப்படி? வரிசை தவறாமல் ஒரு முழு வழிகாட்டி

இந்த வழிகாட்டி 5க்கு 8 அடி அளவுள்ள, முதல் மாடியில் படுக்கையறையை ஒட்டிய பாத்ரூமை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆனது. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் துருப்பிடித்திருக்கிறது, கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் தெரிகிறது. தமிழ்நாட்டில் புதுப்பிக்க வரும் பாத்ரூம்களில் பெரும்பகுதி இந்த நிலையில்தான் இருக்கும். தரைத்தளமாக இருந்தால் 7ஆம் பகுதி மட்டும் மாறும், மற்றவை அப்படியே பொருந்தும்.

பாத்ரூம் வேலையில் முக்கியமானவை எல்லாம் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். குழாய் இணைப்பு, வாட்டர்ப்ரூஃபிங், தரை வாட்டம் (சரிவு) எல்லாமே டைல்ஸுக்கு அடியில். அதனால் ஒவ்வொன்றையும் மூடுவதற்கு முன் சோதிக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகவே அமைந்தது.

1. கசிவு எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

இடித்த பிறகு இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஓதத்துக்கு மூன்று மூலங்கள் உண்டு: தண்ணீர் வரும் குழாய், கழிவு போகும் குழாய், தரை.

இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மேல்தொட்டியின் மட்டத்தைக் குறித்து வையுங்கள். அன்றிரவு மோட்டார் போடக் கூடாது. காலையில் மட்டம் இறங்கியிருந்தால் வரத்துக் குழாயில் கசிவு. யாரும் பாத்ரூமைப் பயன்படுத்தாத நாள்களிலும் ஓதம் காயாமல் இருந்தால் அதுவும் இதற்கு அடையாளமாக இருக்கலாம், தரைக்கு அடியில் தேங்கிய தண்ணீராகவும் இருக்கலாம் (7ஆம் பகுதி).

இரண்டு மூன்று நாள் குளிக்காமல் விட்டதும் ஓதம் காய்கிறதென்றால் தரை அல்லது நஹானி ட்ராப் (தரைத் தண்ணீர் இறங்கும் கழிவு வாய்). ஃப்ளஷ் தொட்டியில் உணவுக்குப் போடும் கலர் பவுடரைக் கலந்து சில முறை ஃப்ளஷ் செய்யுங்கள். கீழே அந்த நிறத்தில் கறை வந்தால் கழிவறைக் கோப்பையின் இணைப்பு அல்லது மலக்குழாய்.

இதை ஏன் வலியுறுத்துகிறோம் என்றால், பழைய டைல்ஸ் மீதே புது டைல்ஸ் ஒட்டித்தரச் சொல்பவர்கள் பலர். சுவர் டைல்ஸ் உறுதியாக இருந்து, கசிவும் இல்லையென்றால் அது சரியான வழிதான். தரையில் கசிவு இருக்கும்போது அப்படிச் செய்தால் செலவு முழுவதும் வீண். தண்ணீர் பழைய பாதையிலேயே இறங்கும்.

2. அனுமதியும் அண்டை வீடும்

அடுக்குமாடியில் சங்கத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், இடிக்கும் நேரத்தையும் லிஃப்ட்டில் சாமான் ஏற்றும் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். கீழ்வீட்டுக் கூரையை வேலைக்கு முன்பே தேதியோடு படம் எடுத்து வைத்தால் பின்னால் வாக்குவாதம் வராது.

பாத்ரூமை வெளிப்பக்கம் தள்ளிப் பெரிதாக்குவதென்றால் கதை வேறு. பக்கவாட்டில் விடவேண்டிய காலியிடம் குறையும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி உங்கள் மனைக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று உள்ளாட்சி அலுவலகத்திலோ உரிமம் பெற்ற பொறியாளரிடமோ தெரிந்துகொண்ட பிறகே அஸ்திவாரம் தோண்டுங்கள். உள்ளுக்குள் பெரிதாக்கச் சுவரை எடுப்பதாக இருந்தால், அது பாரம் தாங்கும் சுவரா என்று பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதைக் கொத்தனாரின் ஊகத்துக்கு விடக் கூடாது.

3. அளவோடு தாளில் வரையுங்கள்

மலக்குழாய் எங்கே கீழே இறங்குகிறதோ அதுதான் அறையின் நங்கூரம். கோப்பையை அதிலிருந்து தூரம் நகர்த்தினால் 110 மி.மீ. குழாய்க்கு வாட்டம் கொடுக்கத் தரையில் ஆழம் போதாது. நாலு அடி நகர்த்தினால் ஒன்றேகால் அங்குலம் இறக்கம் வேண்டும். குழாயின் பருமனையும் வளைவையும் சேர்த்தால் மாடி பாத்ரூமின் கான்கிரீட் தளத்தில் விட்டிருக்கும் 9 அங்குலப் பள்ளம் கிட்டத்தட்ட நிறைந்துவிடும். முடிந்தவரை கோப்பை இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மற்றவற்றை மாற்றுங்கள்.

5க்கு 8 அறைக்கு நன்றாகப் பொருந்தும் வரிசை: கதவை ஒட்டி வாஷ் பேசின், நடுவில் கோப்பை, வென்டிலேட்டர் இருக்கும் கடைசி மூன்றடியில் குளிக்கும் இடம். கதவருகே காய்ந்த தரை, கடைசியில் ஈரத் தரை என்று வாட்டம் ஒரே திசையில் போகும்.

கோப்பையின் நடுவிலிருந்து பக்கச் சுவருக்கு 15 முதல் 18 அங்குலம், முன்னால் கால் வைக்க 2 அடி விடுங்கள். இவை டைல்ஸ் ஒட்டிய பிறகு கிடைக்க வேண்டிய அளவுகள். பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஒவ்வொரு சுவரிலும் ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் தின்னும்.

கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் வெளிப்பக்கம் திறக்கும் கதவே நல்லது. உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ள முடியாது. வாஸ்து பார்ப்பவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் இந்தத் தாள் கட்டத்திலேயே உட்கார வையுங்கள். ட்ராப் பதித்த பிறகு திசை மாற்றுவது இரட்டைச் செலவு.

4. இடிப்பதற்கு முன்பே சாமான்களை வாங்குங்கள்

புதியவர்கள் மிக அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். குழாய் வேலை முடியட்டும், பிறகு கடைக்குப் போய்க்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். கோப்பை, டைவர்டர் (சூடும் பச்சைத் தண்ணீரும் கலந்து ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் வால்வு), கீசர், பேசின் நான்கும் கையில் இல்லாமல் பிளம்பர் சரியான இடத்தில் குழாய் வைக்க முடியாது.

கோப்பை: பழையது எஸ் ட்ராப்பா, பி ட்ராப்பா என்று பாருங்கள். தரைக்குள் இறங்கினால் எஸ், சுவருக்குள் போனால் பி. எஸ் ட்ராப்பில், முடிந்த (டைல்ஸ் ஒட்டிய) சுவரிலிருந்து கழிவுத் துளையின் மையம் வரை உள்ள தூரம் முக்கியம். கடைகளில் 4, 9, 12 அங்குல வகைகள் கிடைக்கும். ஒன்றுக்கு எடுத்த துளையில் மற்றது உட்காராது. பி ட்ராப்புக்கு மையம் முடிந்த தரையிலிருந்து சுமார் 180 மி.மீ. உயரத்தில் வரும், பெட்டிக்குள் இருக்கும் வரைபடத்தில் சரிபாருங்கள். சுவரில் தொங்கும் கோப்பை வாங்குவதென்றால் நாலரை அங்குலச் சுவர் அதைத் தாங்காது. தரையில் நிற்கும் இரும்புச் சட்டத்தோடு வரும் வகையை எடுக்க வேண்டும்.

ஷவர்: மேல்தொட்டியின் உயரத்தைப் பார்த்து வாங்குங்கள். சுமார் 33 அடி உயரத் தண்ணீர் ஒரு பார் அழுத்தம் தரும். மொட்டை மாடித் தொட்டி ஷவருக்கு எட்டடி மேலே இருந்தால் கால் பார்தான். அகலமான ரெயின் ஷவர் அந்த அழுத்தத்தில் சொட்டும். பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் போட்டிருக்கும். அது உங்கள் வீட்டில் இல்லையென்றால் சிறிய ஷவரை எடுங்கள், அல்லது பிரஷர் பம்புக்கு இப்போதே குழாயும் மின்இணைப்பும் திட்டமிடுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கண்ணாடித் தடுப்பு தினமும் துடைத்தால்தான் கறை படியாமல் இருக்கும். துடைக்க ஆள் இல்லையென்றால் இடுப்பளவுக் குட்டைச் சுவர் போதும்.

டைல்ஸ் கணக்கு: சுற்றளவு 26 அடி, உயரம் 7 அடி, ஆக 182 சதுர அடி. இரண்டரை அடிக் கதவுக்கு 17.5 கழித்தால் 164.5. வென்டிலேட்டரைக் கழிக்காதீர்கள், அது வெட்டுச் சேதத்துக்குப் போகும். 10 சதவீதம் கூட்டினால் 181. 300க்கு 600 மி.மீ. டைல் 1.94 சதுர அடிதான், முழு 2 அல்ல. ஆக 94 டைல். பெட்டிக்கு ஐந்து என்றால் 19 பெட்டி, பின்னால் ஏதாவது உடைந்தால் ஒட்ட ஒரு பெட்டி கூடுதல். தரைக்கு 300க்கு 300 மேட் டைல்ஸ் 46. சிறிய டைல்தான் தரை வாட்டத்துக்கு வளைந்து கொடுக்கும், இணைப்புகள் அதிகம் என்பதால் வழுக்கலும் குறையும். எல்லாப் பெட்டியிலும் ஷேட் எண்ணும் பேட்ச் எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள்.

5. கூலியைப் பிரித்துப் பேசுங்கள்

மொத்தமாக ஒரு தொகை பேசினால் வாட்டர்ப்ரூஃபிங்தான் முதலில் குறைக்கப்படும், ஏனென்றால் அது யார் கண்ணிலும் படாது. இடிப்பு, இடிபாடு அகற்றுதல், பிளம்பிங் பாயிண்ட் கணக்கு, பூச்சு, வாட்டர்ப்ரூஃபிங், டைல்ஸ் சதுர அடிக் கணக்கு, சாமான் பொருத்துதல் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். தவணைகளைச் சோதனைகளோடு கட்டுங்கள்: குழாய் அழுத்தச் சோதனை முடிந்ததும் ஒன்று, தண்ணீர் தேக்கும் சோதனை முடிந்ததும் ஒன்று. இடித்த பின் தெரியவரும் சங்கதிகளுக்கு மதிப்பீட்டில் 15 சதவீதம் ஒதுக்கி வையுங்கள்.

மொத்தம் மூன்று முதல் நான்கு வாரம் ஆகும். பத்தே நாளில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பூச்சு காயவிட வேண்டிய எந்த நாளைக் குறைக்கப்போகிறார் என்று கேளுங்கள்.

6. இடிப்பு

பாத்ரூமுக்கு மட்டும் தனி வால்வு இருந்தால் அதை மூடுங்கள். இல்லையென்றால் முதல் வேலையாக ஒரு பால் வால்வு போடுங்கள், வீட்டின் மற்ற பகுதிக்கு மூன்று வாரமும் தண்ணீர் வேண்டுமே. அந்த அறைக்குப் போகும் மின்சாரத்தை எம்சிபியில் (மின்பெட்டியில் இருக்கும், பழுது வந்தால் தானாக விழும் சுவிட்ச்) அணைத்து ஒட்டுநாடா போடுங்கள்.

கோப்பையைக் கழற்றிய அடுத்த நிமிடம் மலக்குழாயின் வாயைச் சாக்குத் துணியால் அடைத்து, மேலே பலகை போட்டு மூடுங்கள். இதை விட்டுவிட்டு இடித்தால் ஒரு டைல் துண்டு உள்ளே விழும். அது செங்குத்துக் குழாயின் அடி வளைவில் போய் உட்கார்ந்து, குடிவந்த மறுமாதம் அடைப்பாகத் தெரியவரும்.

மேலிருந்து கீழாக இடியுங்கள். சுவர் டைல்ஸுக்குச் சிறிய பிரேக்கர் சரி. தரையின் நிரப்பை எடுக்கும்போது கடைசி இரண்டு அங்குலத்தை உளியால் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பிரேக்கர் முனை ஸ்லாபில் இறங்கினால் கம்பியை மூடிய கான்கிரீட் விரிசல் விடும்.

டைல்ஸ், பழைய பூச்சு, தரை நிரப்பு எல்லாம் சேர்ந்து இரண்டு டன்னை ஒட்டி வரும். பால்கனியில் குவிக்காதீர்கள். சாக்கில் கட்டி அன்றன்றைக்கு இறக்குங்கள்.

7. பள்ளமான ஸ்லாப்: முதல் வாட்டர்ப்ரூஃபிங் இங்கே

மாடி பாத்ரூம்களில் ஸ்லாப் 9 முதல் 12 அங்குலம் பள்ளமாக இருக்கும். சங்கன் ஸ்லாப் என்பார்கள். பழைய நிரப்பான செங்கல் ஜல்லி தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். கீழ்வீட்டு ஓதம் குளிப்பதை நிறுத்திய பிறகும் வாரக் கணக்கில் தொடர்வது சில வீடுகளில் இதனால்தான். பழைய நிரப்பு முழுவதையும் எடுத்துவிடுங்கள். ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைத்தாலும் அதன் மேல் பூசும் பூச்சு பிடிக்காது.

ஸ்லாபைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். கம்பி வெளியே தெரிந்து துருப்பிடித்திருந்தால் பொறியாளரைக் கூப்பிட்டுப் பழுது பார்த்த பிறகே மேலே போக வேண்டும்.

குழாய் நுழையும் துளைகள்தான் கசிவின் பிறப்பிடம். சாதாரணச் சிமெண்ட் கலவை காயும்போது சுருங்கிக் குழாயைச் சுற்றி மயிரிழை இடைவெளி விடும். சுருங்காத கிரௌட் (இடைவெளி நிரப்பும் கலவை) வாங்கி நிரப்புங்கள். தரையும் சுவரும் சேரும் மூலையை 2 அங்குல வட்டமாகக் கலவையால் உருட்டிவிடுங்கள். கூர்மையான மூலையில் பூச்சு மெலிந்து கிழியும்.

இரண்டு பொருள் கலந்து பூசும் பாலிமர் சிமெண்ட் வகை இதற்கு ஏற்றது. முதல் கோட் ஒரு திசை, காய்ந்ததும் இரண்டாவது கோட் குறுக்குத் திசை. மூலைகளிலும் குழாயைச் சுற்றியும் ஃபைபர் வலை வைத்துப் பூசுங்கள். பள்ளத்தின் பக்கச் சுவர்களிலும் தரைமட்டம் வரை ஏற வேண்டும்.

பள்ளத்தின் அடிமட்டத்தில், வெளிச்சுவரைத் துளைத்து ஒரு அங்குலக் குழாய் ஒன்று வெளியே நீட்டி வையுங்கள். இதற்குச் செலவு அதிகம் இல்லை. என்றாவது மேலே கசிந்தால் தண்ணீர் இதன் வழியே வெளியே சொட்டும். கீழ்வீட்டுக் கூரை நனைவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பூச்சு தயாரிப்பாளர் சொன்ன நாள் வரை காயட்டும். பிறகு எல்லாத் துளைகளையும் அடைத்து, மூன்று அங்குலம் தண்ணீர் தேக்கி, மட்டத்தைக் குறித்து 48 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டில் போய்ப் பாருங்கள். ஒரு பொட்டு ஈரம் தெரிந்தாலும் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

8. கழிவுக் குழாய்

கோப்பைக்கு 110 மி.மீ., தரைத் தண்ணீருக்கு 75 மி.மீ., பேசினுக்கு 40 அல்லது 50 மி.மீ. வாட்டம் 40க்கு 1, அதாவது 40 அங்குல நீளத்துக்கு ஒரு அங்குல இறக்கம். நஹானி ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் 50 மி.மீ. ஆழமாவது இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால், சில நாள் பயன்படுத்தாமல் விட்டதும் ஆவியாகிச் சாக்கடை நாற்றம் வரும். கடையில் ட்ராப்பைக் கையில் வாங்கித் தண்ணீர் ஊற்றி அளந்தே எடுங்கள், ஏனென்றால் ஆழமில்லாத ட்ராப்கள் நிறைய விற்கின்றன.

ட்ராப்பின் மேல்வாய் முடிந்த தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். உயரமாக வைத்துவிட்டால் பிறகு வாட்டம் எவ்வளவு கொடுத்தாலும் சல்லடையைச் சுற்றித் தண்ணீர் தேங்கும்.

செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் குளிக்கும் தண்ணீரை டேங்க்குக்குள் விடாமல் தனியாக உறிஞ்சுகுழிக்குக் கொண்டுபோவது நல்லது. அத்தனை தண்ணீரும் உள்ளே போனால் டேங்க்கில் கசடு படிய நேரம் கிடைக்காது.

குழாயை முட்டுக் கொடுத்து நிறுத்தியதும் கடை வாயை அடைத்து, மேலே வரை தண்ணீர் நிரப்பி ஓரிரு மணி நேரம் மட்டம் பாருங்கள். பிறகு நிரப்பு. மீண்டும் செங்கல் ஜல்லியையே கொட்டாமல் எடை குறைந்த ஏஏசி கல் துண்டுகளைக் கலவையோடு நிரப்பினால் ஸ்லாபின் பாரம் நன்றாகக் குறையும். குழாயின் அடிப்பக்கம் வெற்றிடம் விடாமல் நிரப்புங்கள். தாங்கல் இல்லாத குழாய் நாளடைவில் இணைப்பில் தொய்யும்.

9. தண்ணீர்க் குழாய்

முதலில் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய டியூப்) வைத்து நான்கு சுவரிலும் முடிந்த தரையிலிருந்து 3 அடி உயரத்தில் ஒரு மட்டக் கோடு அடியுங்கள். எல்லா உயரமும் இந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். உடைந்து கிடக்கும் தரையிலிருந்து அளப்பதால்தான் ஒரே பாத்ரூமில் இரண்டு ஆங்கிள் காக் (சுவர்க் குழாயைப் பேசின் போன்ற சாமானோடு இணைக்கும் சிறு வால்வு) இரண்டு உயரத்தில் நிற்கின்றன.

முடிந்த தரையிலிருந்து பொதுவாகப் பொருந்தும் உயரங்கள்: டைவர்டர் மூன்றரை அடி, வாளிக்குத் தண்ணீர் விழும் குழாய் இரண்டே கால் அடி, ஷவர் கை 7 அடி, பேசின் ஆங்கிள் காக் 22 அங்குலம், பேசினின் மேல்விளிம்பு 32 முதல் 33 அங்குலம், கீசர் இணைப்பு 6 அடி. வாளிக் குழாயின் உயரத்தை உங்கள் வீட்டு வாளியை அடியில் வைத்தே பாருங்கள். குவளையும் வாளியுமாகக் குளிக்கும் வீட்டில் ஷவரைவிட அதிகம் திறக்கப்படுவது அதுதான்.

சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) குழாயில் பிரதான வழி முக்கால் அங்குலம், கிளை அரை அங்குலம். சூடு போகும் வழிக்கு எஸ்டிஆர் 11 என்ற கனமான வகையை எடுங்கள். குழாயை நேராக வெட்டி, பிசிறு நீக்கி, பசை தடவிக் கால் சுற்றுத் திருப்பிச் செருகி, அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். விட்டவுடன் எடுத்தால் குழாய் தானாகப் பின்னுக்கு வரும். சுவரில் காடி வெட்டும்போது தூணையும் பீமையும் தொட விடாதீர்கள்.

டைவர்டரின் ஆழம் தனிக்கவனம் கேட்கும். டைவர்டர் உடலின் மேலிருக்கும் பிளாஸ்டிக் மூடியில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று கோடுகள் இருக்கும். முடிந்த டைல் முகம் அந்த இரண்டுக்கும் இடையே வர வேண்டும். பூச்சு 12, பசை 4, டைல் 9 என்று 25 மி.மீ. கணக்கிட்டு, ஒரு டைல் துண்டைச் சுவரில் பிடித்துப் பார்த்தே பதியுங்கள். அதிகம் உள்ளே போனால் கைப்பிடி ஏறாது, வெளியே வந்தால் வட்டத் தகடு சுவரோடு சேராது.

இடப்பக்கம் சூடு, வலப்பக்கம் பச்சைத் தண்ணீர். கீசரிலும் நீலம், சிவப்பு அடையாளம் பார்த்து அதன்படியே குழாய் வரட்டும். கீசரையும் சிபிவிசியையும் நேரடியாக இணைக்காமல் நடுவில் பின்னிய எஃகு இணைப்புக் குழாய் போடுங்கள். தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் வரும் கொதிநீரைச் சிபிவிசி தாங்காது.

பசை காய ஒரு நாள் விட்டு, எல்லா வாயையும் மூடி, கைப்பம்பில் 10 பார் வரை ஏற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் முள் இறங்கக் கூடாது. தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒழுகவில்லை என்று சொல்வது சோதனையாகாது. அதில் இருப்பது கால் பார் அழுத்தம்தான்.

பூசுவதற்கு முன் நான்கு சுவரையும் அளவுநாடா பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். பிறகு கைப்பிடிக்கோ கண்ணாடிக்கோ துளை போடும் ஒவ்வொரு முறையும் அந்தப் படம் உதவும்.

10. மின்சாரம்

கீசர் சுவிட்ச் அறைக்கு வெளியே இருக்கட்டும். 2000 வாட் கீசருக்கு 2.5 சதுர மி.மீ. கம்பி தாங்கும், ஆனாலும் 4 சதுர மி.மீ. இழுத்துவிடுங்கள். பின்னால் 3000 வாட் மாற்றினால் சுவரை உடைக்க வேண்டாம். மின்பெட்டியிலிருந்து தனி வழி, தனி எம்சிபி. மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். எர்த் கம்பி உண்மையில் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் சாக்கெட்டின் மூன்றாவது துளை வெறுமனே இருப்பது சகஜம், அது உயிரைப் பறிக்கும் விஷயம்.

11. பூச்சு, தரை வாட்டம், இரண்டாவது வாட்டர்ப்ரூஃபிங்

சுவர்ப் பூச்சைத் தூக்குக்குண்டு பார்த்து நேராக்குங்கள். கோணலான சுவரை டைல்ஸ் மேஸ்திரி பசையைத் தடிமனாக அப்பித்தான் சரிசெய்வார். ஏழு நாளாவது தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருங்கள்.

தரைக்குப் போடும் கலவையிலேயே வாட்டம் வர வேண்டும். 80க்கு 1 வைத்தால் எட்டடிக்கு 30 மி.மீ. இறக்கம். பாத்ரூமின் கதவோரத் தரை அறையின் தரையைவிட அரை அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும், இடையில் கிரானைட் படி.

மறுபடி இரண்டு கோட் பூச்சு: தரை முழுவதும், எல்லாச் சுவரிலும் ஒரு அடி உயரம், குளிக்கும் இடத்தின் மூன்று சுவரிலும் 7 அடி வரை. இது ஏறத்தாழ 132 சதுர அடி. சதுர மீட்டருக்கு இரண்டு கோட்டுக்கு ஒன்றரை முதல் 2 கிலோ என்று 18 முதல் 25 கிலோ பிடிக்கும். இதில் பாதி அளவு மட்டுமே சைட்டுக்கு வந்திருந்தால் ஒரே கோட்தான் அடிக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். கதவுப் பக்கம் செங்கல்லும் களிமண்ணும் கொண்டு வரப்பு கட்டி, மீண்டும் 48 மணி நேரம் தண்ணீர் தேக்குங்கள்.

பூச்சு காய்ந்த பின் அதன் மேல் ஆணி, கடப்பாரை, ஏணியின் முனை எதுவும் படக் கூடாது. எலக்ட்ரீஷியனோ பிளம்பரோ விட்டுப்போன வேலைக்குத் திரும்பி வந்து கொத்துவது இங்கே அடிக்கடி நடக்கிறது.

12. டைல்ஸ்

விட்ரிஃபைட் டைல் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சாது. அதனால் சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது. வாட்டர்ப்ரூஃபிங் பூச்சின் மேலும் அப்படியே. ஐஎஸ் 15477 முத்திரை உள்ள டைல் பசையே வேண்டும். 20 கிலோ மூட்டை 3 மி.மீ. கனத்தில் 50 முதல் 60 சதுர அடி வரும். இந்த அறைக்கு நான்கைந்து மூட்டை.

பசையைப் பல் கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுத்து ஒட்டச் சொல்லுங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இடையில் காற்றும் பிறகு தண்ணீரும் தங்கும், துளை போடும்போது டைல் உடையும். மறுநாள் விரல் கணுவால் தட்டுங்கள். பொக்குச் சத்தம் கேட்கும் டைலில் அடையாளம் போட்டு, பசை முழுதாக இறுகுவதற்குள் எடுத்து ஒட்ட வையுங்கள்.

வரிசை இதுதான்: சுவரின் அடி வரிசையை விட்டுவிட்டு, மட்டப்பலகை ஒன்றைத் தாங்கலாக அடித்து இரண்டாவது வரிசையிலிருந்து மேலே ஏறுங்கள். பிறகு தரை. கடைசியாக அடி வரிசையைத் தரை வாட்டத்துக்கு ஏற்ப வெட்டி, தரை டைல் மேல் உட்காருமாறு ஒட்டுங்கள். சுவரில் வழியும் தண்ணீர் அப்போது தரை டைல் மேல் விழும், இணைப்புக்குள் இறங்காது. சுவரைத் தரை வரை முடித்துவிட்டுத் தரையைச் செருகுவது சுலபம்தான். ஆனால் அந்த ஓரம்தான் முதலில் கசியும்.

தரை டைல்ஸ் இறுகுவதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீரைக் கதவருகிலும் நான்கு மூலையிலும் ஊற்றிப் பாருங்கள். எங்கேயாவது நின்றால் அந்த டைலை அன்றைக்கே எடுக்கலாம்.

13. கிரௌட்

டைல்களுக்கு நடுவே விட்ட இரண்டு மி.மீ. ஸ்பேசர் இடைவெளியில், ஒரு நாள் காய்ந்த பிறகு எபாக்ஸி கிரௌட். சிமெண்ட் கிரௌட் உப்புத் தண்ணீரில் கரைந்து கறுக்கும். எபாக்ஸியைச் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும், முக்கால் மணி நேரத்தில் இறுகத் தொடங்கும். டைல் மேல் படிந்ததை உடனே ஈர ஸ்பாஞ்சால் துடைக்காவிட்டால் மறுநாள் போகாது. சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் கிரௌட் வேண்டாம், சிலிகான் சீலன்ட் இடுங்கள். இரண்டு பரப்பும் தனித்தனியாக அசையும், கிரௌட் அங்கே வெடிக்கும்.

14. சாமான் பொருத்துதல்

முதல் குழாயை மாட்டுவதற்கு முன் எல்லா வாயையும் திறந்து தண்ணீரை ஓடவிடுங்கள். குழாயில் கிடக்கும் மணலும் பிளாஸ்டிக் சீவலும் புது டைவர்டருக்குள் போய் மாட்டிக்கொண்டால் அது முதல் நாளே ஒழுகும்.

கோப்பையை வெள்ளைச் சிமெண்ட் மெத்தையில் உட்கார வைக்காதீர்கள். இறுகும்போது பீங்கான் விரிசல் விடும், கழற்ற வேண்டிய நாளில் உடைத்துத்தான் எடுக்க முடியும். போல்ட் போட்டுச் சுற்றிலும் சிலிகான் இடுங்கள், பின்பக்கம் மட்டும் இரண்டு அங்குலம் விடுங்கள். அடியில் இணைப்பு ஒழுகினால் அந்த இடைவெளி வழியே வெளியே தெரியும்.

கீசரின் பச்சைத் தண்ணீர் வழியில், கூடவே வரும் பாதுகாப்பு வால்வைக் கட்டாயம் மாட்டுங்கள். அதிலிருந்து சூடாகும்போது சொட்டினால் பழுது என்று நினைத்து அடைத்துவிடக் கூடாது.

முதியவருக்கான கைப்பிடி கோப்பைக்குப் பக்கத்தில் இரண்டரை அடி உயரத்தில். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண ஆங்கர் பிடிக்காது. அப்படியானால் பூச்சு நிலையிலேயே அந்த இடத்தைக் கான்கிரீட்டால் நிரப்பியிருக்க வேண்டும்.

15. கைமாற்றும் முன்

சிலிகான் காய ஒரு நாள் விட்டு, ஷவரை அரை மணி ஓடவிட்டு, பேசினை விளிம்பு வரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்து, பத்து முறை ஃப்ளஷ் செய்து பாருங்கள். பேசின் தண்ணீர் இறங்கும்போது நஹானி ட்ராப்பில் குமிழி எழுந்தால் கழிவுக் குழாய்க்குக் காற்றுப்போக்கு இல்லை. ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும்.

கீழ்வீட்டுக் கூரையை ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் பாருங்கள். பழைய ஓதம் காயச் சில வாரம் எடுக்கும். கறை பெரிதாகாமல் இருக்கிறதா என்பதே கவனிக்க வேண்டியது, அதனால் அதன் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். கடைசித் தவணையை அந்த ஒரு மாதம் முடிந்த பிறகு கொடுக்க முன்பே பேசியிருப்பது நல்லது. மீந்த டைல் பெட்டி, கீசர் உத்தரவாத அட்டை, டைவர்டர் மாடல் எண், பூசுமுன் எடுத்த சுவர்ப் படங்கள் நான்கையும் ஒரே இடத்தில் வைத்துவிடுங்கள்.